முன்கையில் ஒரு கட்டம்

திசையன்விளை,
3.3.2014

அன்புத் தம்பி சக்திகுமாருக்கு,

அக்கா இசக்கி எழுதுவது. நானும் அத்தானும் சுகம். போன மாதம் பிடித்த சளி உனக்கு விட்டதா? ஓரகடத்து லாரித் தூசியில் மூக்கைக் கட்டாமல் போகாதே. கஷாயம் வைத்துக் கொடுக்க ஆள் இல்லாத அறையில் இருக்கிறாய்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். எங்கள் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்கிறது. இது அத்தான் காதில் விழக் கூடாத பேச்சு. பதிலையும் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடி விலாசத்துக்கே போடு.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். சுகப்பிரியா வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, உனக்குக் கல்யாணம். இப்போதே லீவு சொல்லி வை.

இனி என் கவலை. அத்தான் உன் அறையிலிருந்து ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் கத்தி படவில்லை. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஊரார் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளைச் சவரத்தில் அக்காள் புருஷன் பக்கத்தில் உட்கார வேண்டும், முதல் கத்தி அவர் கன்னத்தில் பட்ட பிறகுதான் மாப்பிள்ளைக்கு. அத்தான் முகம் கொடுக்காவிட்டால் வேறு யாரையாவது உட்கார வைக்கப் போவதாகப் பெரிய மாமா சொல்லிவிட்டார். அப்பா அம்மா இல்லாத உனக்கு எங்களை விட்டால் யார்? அந்த மனையில் அவர் உட்காராமல் உன் கல்யாணத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

நான் அழுத பிறகு ஒரே ஒரு பதில் சொன்னார். "எந்த உசுரையும் நோவடிச்சுச் சோதிக்காத சோப்பும் கத்தியும் இருந்தா கொண்டா. அன்னைக்கு வழிச்சுக்கிடுதேன்." நீ இருப்பது நூறு கம்பெனி உள்ள இடம். தேடிப் பார், தம்பி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
இசக்கி


வடக்குப்பட்டு,
12.3.2014

பாசமுள்ள அக்காவுக்கு,

சக்தி. சளி போய்விட்டது, இருமல் மட்டும் விருந்தாளி போலத் தங்கியிருக்கிறது. ஆவணி பதினைந்து என்று நீ எழுதிய வரியை நாலு தடவை படித்தேன். அறையில் மகாராஜாவும் ரகுபதியும் இப்போதே என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள்.

அத்தானுக்கு என்ன, திடீரென்று சாமியார் ஆகிவிட்டாரா? இங்கே எட்டு மாதம் என்னோடு இருந்தபோது தினமும் காலையில் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மழமழவென்று வழித்துக்கொண்டுதானே வேலைக்குப் போனார்? இரண்டு நாள் தாடியோடு நான் நின்றால் பரதேசி என்பார்.

படப்பையில் பெரிய மெடிக்கலில் நல்ல கம்பெனி நுரை டப்பாவும் நாலு பிளேடு ரேசரும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். இருப்பதிலேயே உசத்தி. முகத்தில் வைத்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். கொடுத்துப் பார், தாடி தானாக விழும்.

இடுப்பு வலிக்கு எண்ணெய் போடுகிறாயா? அத்தானையும் கேட்டதாகச் சொல்.

தம்பி,
சக்திகுமார்


திசையன்விளை,
25.3.2014

அன்புத் தம்பிக்கு,

இடுப்பு வலி பரவாயில்லை. உன் இருமலுக்குச் சித்தரத்தை அனுப்புகிறேன், வாயில் அடக்கிக்கொள்.

நீ அனுப்பிய பெட்டியும் இதோடு திரும்பி வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. அத்தான் டப்பாவைக் கையில் வாங்கினார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெயிலில் பிடித்துப் படித்தார். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மோந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். கையை மூன்று தடவை கழுவினார். அன்றைக்கு ராச்சோறு சாப்பிடவில்லை. அந்த ரேசரில் பிளேடுக்கு மேலே பச்சையாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறதே, தண்ணீர் பட்டால் வழவழக்குமே, அதைக் காட்டி, "இதுவும்தான்" என்றார்.

காரணத்தை என்னிடம் கேட்காதே. தேடித் தர முடியுமா, முடியாதா என்பதை மட்டும் எழுது. பெரிய மாமா நேற்றும் வந்துபோனார். தாடியோடு மனையில் உட்கார்ந்தால் துக்க வீடு என்பார்களாம்.

உன் அக்கா,
இசக்கி


வடக்குப்பட்டு,
7.4.2014

அக்காவுக்கு,

நலம். சித்தரத்தை காரம், ஆனால் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உன் புருஷனுக்காக அலைந்தேன். படப்பை, சேரப்பணஞ்சேரி, குன்றத்தூர் ஒன்று விடவில்லை. கம்பெனியில் என்னோடு லைனில் நிற்கும் பிரசன்னா வண்டி ஓட்டினான். உள்ளூர்ப் பையன், அவனுக்குத் தெரியாத கடை இல்லை. குன்றத்தூர் மலையடிவாரத்துக் கடைக்காரரிடம், மிருகத்து மேல் தடவிப் பார்க்காத கிரீம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிருகம் எதுக்கு சார் ஷேவ் பண்ணிக்கிது? இன்னா சார், காத்தாலயே வந்து கலாய்க்கிற" என்றார். பிரசன்னா சிரித்த சிரிப்பில் வண்டி சாய்ந்துவிட்டது.

எந்த டப்பாவிலும் அந்த விஷயம் ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. பிரஷ்ஷை எடுத்தால் அது பன்றி முடியாம். சோப்பில் கொழுப்பு இருக்குமாம். இது ஆகிற காரியமா?

அக்கா, ஒன்று நேராகவே கேட்கிறேன். அத்தானை அந்த ஆராய்ச்சிக் கம்பெனியில் காண்டிராக்டர் மூலமாகச் சேர்த்துவிட்டது நான். ஏசிக் கட்டடம், வெள்ளைக் கோட்டு, முயல் கூண்டு சுத்தம் பண்ணுகிற லேசான வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காண்டிராக்டர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அவருக்கு என் மேல் கோபம் என்றால் என்னிடம் சொல்லட்டும். என் கல்யாணத்தில் தாடியைக் காட்டிப் பழி தீர்க்க வேண்டாம்.

சக்திகுமார்


திசையன்விளை,
20.4.2014

தம்பி சக்திக்கு,

நீ நலமா என்று உன் கடிதம் சொல்லவில்லை, கோபத்தை மட்டும் சொன்னது. நான் நலம்.

இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நீ. தெரிந்தால் உன் மனசு ஆறாது என்று மூடி வைத்தேன். இப்போது அவரைப் பழி தீர்க்கிறவர் என்று நீயே எழுதிவிட்டாய். இனி மறைப்பது அவருக்குச் செய்கிற துரோகம்.

கூண்டு சுத்தம் செய்தது முதல் மாதம்தான். கை பதமான கை என்று பார்த்து வேறு வேலை கொடுத்தார்களாம். முயலுக்கு முதுகு வழிக்கிற வேலை, தம்பி. சின்ன மிஷினை வைத்து, தோல் கீறாமல், முடியை எடுக்க வேண்டும். அந்தத் தோலில் சவர நுரை, கிரீம், நீ அனுப்பிய ரேசரில் இருக்கிற வழவழப்பு, எல்லாவற்றையும் தடவி எரிகிறதா என்று பார்ப்பார்களாம். காலையில் உன் கண்ணாடியில் தன் முகத்தை வழித்துக்கொண்டு போய், நாள் முழுக்க அதுகளை வழித்திருக்கிறார். நீ அனுப்பிய டப்பாவைத் திறந்ததும் அடித்தது அந்த அறையின் வாசனை.

அங்கே இருந்தவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை என்றும் சொன்னார். சட்டப்படி நடக்கிற வேலைதானாம். சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்கிற நல்ல பிள்ளைகளாம். "யாரத் திட்டச் சொல்லுத?" என்று என்னிடமே கேட்டார்.

உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட வேண்டும் என்று அவர்தான் பெரிய மாமாவோடு சண்டை போட்டார்.

பதில் போடு.

இசக்கி


வடக்குப்பட்டு,
5.6.2014

அக்காவுக்கு,

ஆறு வாரமாக நான் எழுதவில்லை. நீ போன் பண்ணியபோதெல்லாம் ஷிப்ட், ஓ.டி. என்று சொல்லி வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என்னை அத்தான் மன்னிப்பாரா? ஒரு நாள் கூட அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. முயல் என்றதும், கறி கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். அத்தானும் அன்று சிரித்தார்.

குன்றத்தூர்க் கடைக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை, அலமாரி முன்னால் சும்மா நின்றேன். தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள். எனக்கு மலைத்துப்போய்விட்டது. ஒரு முகம் வழிப்பதற்குப் பின்னால் எங்கேயோ எத்தனை முதுகு! நானும் எட்டு வருஷமாக இதையெல்லாம் முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு ஒரு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன். அழகு சாமான்களை மிருகங்கள் மேல் சோதிக்கக் கூடாது என்று மத்திய அரசே தடை போட்டுவிட்டது. கேன்டீனில் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் அத்தான் ஒருவர் தாடி வளர்த்ததற்குத் தில்லியில் பதில் வந்த மாதிரி இருந்தது. இதைக் காட்டு. இனி அவர் மனசு ஆறும்.

இன்னொன்று. டப்பாக்களில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். பதினாலு கடிதம். ஒரே ஒரு பதில் வந்தது. புதுச்சேரிப் பக்கம் கங்கா என்று ஒரு அம்மா, வீட்டோடு சின்ன யூனிட் வைத்துச் சவர சோப்பு காய்ச்சுகிறார். தேங்காய் எண்ணெய், கற்றாழை, வெட்டிவேர், அவ்வளவுதானாம். எந்த மிருகத்தின் மேலும் சோதித்தது இல்லை என்று கைப்பட எழுதி, ஆறு கட்டி சோப்பும் அனுப்பியிருக்கிறார்.

ஆனால் அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மிருகத்தின் மேல் சோதிக்கவில்லை என்றால் வேறு யார் மேல் சோதித்தார்கள்? சோதிக்காத ஒரு பிரேக் பார்ட்டை எங்கள் லைனைத் தாண்ட விடமாட்டோம். அப்படியே அத்தான் முகத்துக்கு எப்படி அனுப்புவது? கொஞ்சம் பொறு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்.

சக்தி


திசையன்விளை,
16.6.2014

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மன்னிப்புக் கேட்டாய் என்று சொன்னேன். "அவன் என்ன செய்வான், சின்னப் பய" என்றார். நாம் கடிதம் எழுதிக்கொள்வது அவருக்கு முன்பே தெரியுமாம்.

பேப்பர் துண்டை மூன்று முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல காரியம் என்றார். நான் சந்தோஷமாகக் கண்ணாடியை எடுத்து வந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "இனிமே உள்ளதுக்குச் சரி. எங்கையில இருந்ததுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டார். கண்ணாடியைத் திரும்பக் கொண்டு போய் மாட்டினேன்.

அரசாங்கம் சொல்லியே இறங்காத மனசு நாம் சொல்லியா இறங்கும்? பெரிய மாமா வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சோப்பு விஷயத்தில் ஏதும் ஏடாகூடமாகச் செய்துவிடாதே.

இசக்கி


வடக்குப்பட்டு,
21.7.2014

பாசமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இனி அங்கன்வாடி விலாசம் வேண்டாம், வீட்டுக்கே போடுகிறேன். நானும் அறையில் எல்லாரும் நலம்.

பார்சலில் நாலு கட்டி சோப்பு, நைலான் பிரஷ், இரண்டு பக்கமும் வெட்டுகிற சாதா பிளேடு, அதற்கு ஒரு எஃகுப் பிடி. பட்டையோ வழவழப்போ எதுவும் கிடையாது. இரும்பு மட்டும்தான்.

இரண்டு கட்டி சோப்பு எங்கே என்று கேட்பீர்கள். சோதனைக்குச் செலவாகிவிட்டது. நான், மகாராஜா, ரகுபதி, பிரசன்னா, பக்கத்து லைன் முனிரத்தினம், ஐந்து பேர். விஷயத்தை அறையில் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. முனிரத்தினம் முழுக்கையைச் சுருட்டிவிட்டு, "இந்தாப்பா, எங்கையில போடு" என்றார். அவர் அத்தானைப் பார்த்தது கூட இல்லை.

இடம் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவர் முன்கையிலும் பேனாவால் ஒரு கட்டம் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் கட்டத்துக்குள் நுரை பூசி, பத்து நிமிஷம் வைத்து, கழுவிப் பார்ப்போம். பதினைந்து நாள். பூசும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது அக்கா. என் கையோடு சேர்த்து ஐந்து கையும் வரிசையாக என் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வேலை முடித்து அலுத்து வந்த ஆட்கள், ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. லைனில் சூப்பர்வைசர் கட்டத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டதற்கு, "இன்ஸ்பெக்‌ஷன்ல கீறேன் சார்" என்று பிரசன்னா சொல்லியிருக்கிறான்.

கம்பெனியில் எழுதுகிற மாதிரியே தாளும் போட்டிருக்கிறேன், இதோடு இருக்கிறது. நன்றாக இருந்தால் ஓகே, குறை என்றால் என்.ஜி. கடைசி நாள் நான் முகத்திலேயே போட்டு வழித்துப் பார்த்தேன். ஒரு எரிச்சல் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகு கங்கா அம்மாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. சோதனை யார் மேல் செய்வது என்று நான் கேட்டிருந்தேன். "தம்பி, தேங்காய் எண்ணெயும் கற்றாழையும் காலம் காலமாக ஜனங்கள் பூசிப் பார்த்தவை. பத்து வருஷமாக இதே சோப்பைத்தான் என் வீட்டுக்காரரும் போடுகிறார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். ஐந்து பேரும் கையில் கட்டத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அத்தான், இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சக்திகுமார்


திசையன்விளை,
29.7.2014

அன்பு மைத்துனன் சக்திகுமாருக்கு ஐயனார் எழுதுவது,

நலம். உன் நலமும் வேண்டும்.

நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

தாளைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தையும் பார்த்தேன். நீ தெரியாமல்தான் செய்திருப்பாய். அங்கேயும் கட்டம்தான். நான் வழித்துக் கொடுத்த பிறகு முதுகில் பேனாவால் கட்டம் போடுவார்கள். மறுநாள் சிவப்பு எவ்வளவு என்று பார்த்து, பூஜ்யத்திலிருந்து நாலு வரை நம்பர் போடுவார்கள். கடைசிப் பத்தியில் சிலதுக்கு நேரே முடிந்தது என்று எழுதியிருக்கும்.

முப்பத்தொன்று என்று ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, காதில் நம்பர். மற்றதெல்லாம் நான் மிஷினை எடுத்தால் மூலைக்குப் போகும். இது பழகிவிட்டது. நான் வந்ததும் தானாகவே முன்னால் வந்து, முதுகைக் காட்டி, அடங்கி உட்காரும். என்னை நம்பியது. முயலுக்குச் சத்தம் கிடையாது, சக்தி. ஒரு திங்கட்கிழமை கூண்டு காலி. எங்கே என்று கேட்டேன். தாளைக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் உன்னிடம் சொல்லாமல் பையை எடுத்தேன். உன் பெயர் கெட்டிருக்கும். அதற்கு நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் தாளில் ஐந்து பேர். எனக்காக, என்னவென்று தெரிந்தே கையை நீட்டியிருக்கிறார்கள். நான் இதற்கெல்லாம் ஆளா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நாலாவது வரியில் பிரசன்னா என்று இருக்கிறது. ஒன்பதாம் நாள், சிவப்பு, என்.ஜி. அதற்கு அடுத்த பத்தியில் ரிஜெக்ட் என்று எழுதியிருக்கிறாய். அதன் பிறகு அந்தப் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை, வெறுமையாக இருக்கிறது. நாலு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? கை எப்படி இருக்கிறது? வேலைக்குப் போகிறானா? அதைச் சொல். சோப்பை அப்புறம் பார்க்கலாம்.

ஐயனார்


வடக்குப்பட்டு,
6.8.2014

அத்தானுக்கு,

நலம். நான் ஒரு மடையன். கம்பெனித் தாளில் என்.ஜி. என்று எழுதினால் அடுத்த பத்தியில் கை தானாக ரிஜெக்ட் என்று எழுதிவிடும். அந்தப் பார்ட்டைச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது உங்கள் கண்ணில் என்னவாகப் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன், முப்பத்தொன்று வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. மீதியை மகாராஜா படித்தான். பிரசன்னா தானே பதில் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். கீழே எழுதுகிறான்.

சக்தி

அண்ணாவுக்கு பிரசன்னா வணக்கம். நீங்க நல்லா கீறீங்களா, அண்ணி நல்லா கீறாங்களா. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசற மாரியே எழுதறேன்.

நான் நல்லா கீறேன்ணா. கை சூப்பரா கீது. அன்னிக்கி லைன்ல மிஷினுக்கு ஊத்தற கூலன்ட் ஆயில் பட்டுச்சி, அத சரியா கழுவாம சோப்ப போட்டுகினேன், அதான் செவந்துச்சி. சக்தி பயந்துட்டு என்ன டெஸ்ட்லேர்ந்து தூக்கிட்டான். எங்கம்மா தேங்காண்ண வச்சாங்க. ரெண்டு நாள்ல போயிடுச்சி. சோறு நல்லா துண்றேன். நேத்து ஆப் டே லீவு போட்டு மேட்ச் ஆடுனேன், மூணு விக்கெட்.

நீங்க தூங்கலன்னு கேட்டதும் எனக்கு இன்னாவோ மாரி ஆயிடுச்சிண்ணா. எங்கையப் பத்தி எங்க சூப்பர்வைசர் கூட கேட்டதில்ல. நீங்க என்ன பாத்ததுகூட கெடயாது. இனிமே தூங்குங்க.

கல்யாணத்துக்கு வரேன். வந்து கையக் காட்றேன்.

பிரசன்னா, சேரப்பணஞ்சேரி


திசையன்விளை,
13.8.2014

அன்புத் தம்பி சக்திக்கு,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை மனசறிந்து எழுதுகிறேன்.

கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அத்தான் வாசலிலேயே நின்று படித்தார். உன் பக்கத்தை வேகமாகப் படித்துவிட்டார். அடுத்ததில் நின்றுவிட்டார். வெயில் தலையில் அடிக்கிறது, உள்ளே வாருங்கள் என்றேன். காதில் விழவில்லை. பிறகு என்னிடம் நீட்டி, "எனக்கு அந்த ஊர்ப் பேச்சு சரியா வெளங்கல, நீ வாசி" என்றார். எட்டு மாதம் அந்த ஊரில் இருந்தவருக்கா விளங்காது? நான் வாசித்தேன். சோறு நல்லா துண்றேன் என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்று விக்கெட் என்பதையும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் கொல்லையில் போய் முகத்தை நனைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துவிட்டேன். சோப்பைத் தானே நுரைத்தார். வெட்டிவேர் வாசனை வந்தது. இரண்டு இழுப்பு இழுத்திருப்பார், நிறுத்திவிட்டார். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். நான் என்றைக்கு ஆம்பிளைக்குச் சவரம் செய்திருக்கிறேன்? மெதுவாக, தோல் கீறாமல், கழுத்து வரை வழித்தேன். அவர் கண்ணை மூடி முகத்தை என் பக்கம் கொடுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகப் பார்க்காத முகம், வெயில் படாமல் வெளுத்து, சின்னப் பிள்ளை முகம் போல இருந்தது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் முளைப்பது சடங்குக்குப் போதும். மனையில் அவர்தான் உட்காருவார் என்று பெரிய மாமாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அதே சோப்புதான் போட வேண்டும் என்று சலூன்காரரிடமும் சொல்லியாயிற்று.

வழித்து முடித்துத் துண்டால் துடைத்துவிட்டபோது அவர் கண்ணைத் திறந்தார். கையில் அந்தக் கடிதம் நனைந்துபோயிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எம்புட்டு நம்பர் எங்கையில வந்து போச்சு, இசக்கி. இன்னைக்குத்தான் ஒண்ணு பதில் போட்டிருக்கு."

பிரசன்னா தம்பியின் கையை நாங்கள் இருவரும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
இசக்கி